கொடி சுற்றியிருந்தால் சிசேரியன்தான் வழியா?

கேள்வி: என் மகளுக்குத் தலைப்பிரசவம். 37 வாரம் ஆகிறது. குழந்தையின் கழுத்தில் தொப்புள்கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருப்பதாக ஸ்கேனில் வந்திருக்கிறது. தலை கீழே திரும்பியிருக்கிறது, அசைவும் நன்றாக இருக்கிறது. ஆனாலும், 'எதற்கு வம்பு, வரும் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து எடுத்துவிடலாம்' என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், வெள்ளிக்கிழமைக்கு எந்த அவசரமும் இல்லை. கொடி கழுத்தை நெரித்துவிடும் என்று அஞ்சுகிறீர்கள். ஆனால் வயிற்றில் உள்ள குழந்தை தொண்டை வழியாக மூச்சு விடுவதில்லை, அதற்கு வேண்டிய பிராணவாயு அந்தக் கொடி வழியாகத்தான் போகிறது. கொடியின் இரத்தக் குழாய்களைச் சுற்றிக் கூழ் போன்ற ஒரு பொருள் இருப்பதால் அது எளிதில் நசுங்காது. பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்கு இப்படிச் சுற்று இருக்கும். தலை வெளியே வந்ததும் பிரசவம் பார்ப்பவர் விரலை உள்ளே விட்டுக் கொடியைத் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார். (கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்று எண்ணெயில் முகம் பார்க்கச் சொல்வார்கள்; அதற்காவது தையல் போடவேண்டியதில்லை.)

ஒன்றை மட்டும் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். வலி வந்த பிறகு குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்ப்பார்கள்; நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை இருக்கவேண்டும். வலியின்போது சற்றுக் குறைந்து, வலி விட்டதும் ஏறிவிட்டால் பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். குறைந்தது ஏறாமலே நின்றாலோ, ஒவ்வொரு வலிக்குப் பிறகும் தாமதமாகச் சரிந்துகொண்டே போனாலோ, அப்போது சிசேரியன்தான் குழந்தையைக் காப்பாற்றும்; நான் வேண்டாம் என்று எழுதினேன் என்று சொல்லி அங்கே வாதாடாதீர்கள்.

நாள் குறித்துக் கிழிப்பது வேறு. வலியே வராமல், 39 வாரம் முடியுமுன் எடுக்கப்படும் குழந்தைகளுக்கு நுரையீரல் நீர் வற்றாமல் மூச்சிரைப்பு வரும் வாய்ப்பு அதிகம். சோதிடர் குறித்த நேரத்தில் பிறந்த பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் கிடக்க, தாய் வேறு மாடியில் பால் கட்டி அழுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தாய்க்கோ இரத்தப்போக்கும் புண்ணில் சீழும் காலில் இரத்தக்கட்டும் சுகப்பிரசவத்தைவிடக் கூடுதலாக வரக்கூடும். அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி (பிளசென்டா) பழைய தழும்பில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ 45 பிரசவங்கள் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 64, அரசு மருத்துவமனைகளில் 36. கொடி வந்து இத்தனை கழுத்துகளைச் சுற்றவில்லை. இரவெல்லாம் காத்திருக்கும் மருத்துவருக்குக் கிடைப்பதைவிட முக்கால் மணி நேர அறுவைக்குக் கூடுதலாகக் கிடைக்கும் ஏற்பாட்டில் வேறென்ன நடக்கும்? அதிலும் ஸ்கேன் அறை வாசலிலேயே 'பேக்கேஜ்' பேசி, படுக்கைக்குக் கமிஷன் வாங்கும் இடைத்தரகரிடம் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்த பணமே பிறகு உங்களுக்காக முடிவெடுத்துவிடும். சிசேரியனுக்கான காரணத்தைச் சீட்டில் எழுதித் தரும்படி மருத்துவரையே கேளுங்கள். 'கொடி ஒரு சுற்று' என்று மட்டும் எழுதினால், ஸ்கேன் தாளுடன் வேறொரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, நள்ளிரவானாலும் நேரம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்ச் சேருங்கள்.