மறு: கணவரின் மகள் என் பேச்சைக் கேட்பதில்லை

வணக்கம் தோழி. கணவரின் 13 வயது மகள் வார இறுதியில் மட்டும் வருகிறாள், ஏதாவது சொன்னால் "நீங்க ஒண்ணும் எங்க அம்மா இல்ல" என்கிறாள், உங்கள் மகனோ "அவளை மட்டும் ஏன் திட்டுறதில்ல?" என்று கேட்கிறான் என எழுதியிருந்தீர்கள். என் வீட்டிலும் இரண்டு பக்கத்துப் பிள்ளைகள்தான். கூச்சல் இல்லாத காலையே கிடையாது.

அவளைக் கண்டிக்கிற வேலையை இப்போதைக்கு அவள் அப்பாவிடமே விட்டுவிடுங்கள். இந்த மாதிரிக் குடும்பங்களோடு பல ஆண்டுகள் பணியாற்றிய அமெரிக்க உளவியலாளர் பட்ரீசியா பேப்பர்னோவும் இதையே சொல்கிறார். உங்கள் கணவர் நழுவப் பார்ப்பார், விடாதீர்கள்! போன் நேரம், படுக்கும் நேரம் எல்லாவற்றையும் நீங்கள் இருவரும் தனியாகப் பேசி முடிவு செய்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்து அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அவர் இல்லாதபோது "அப்பா சொன்ன நேரம் ஆச்சு" என்றால் போதும். மகனின் கேள்விக்கும் அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

உங்களோடு சிரித்துப் பேசினாலே பெற்ற தாய்க்குத் துரோகம் செய்வதாக அவளுக்குத் தோன்றலாம். அதனால் அவள் அம்மாவைப் பற்றி வீட்டில் யாரும் குறை பேச வேண்டாம், போனில்கூட. அப்புறம், அவளுக்கென்று ஓர் அலமாரித் தட்டு ஒதுக்குங்கள். பிரஷ், இரவு உடை, சார்ஜர் எல்லாம் அங்கேயே இருக்கட்டும். வாராவாரம் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவள் விருந்தாளி மாதிரிதான் நடந்துகொள்வாள்.

மகனோடும் தனியாகக் கொஞ்ச நேரம் இருங்கள். "அம்மா" என்று கூப்பிடச் சொல்லி மட்டும் அவளை யாரும் வற்புறுத்த விடாதீர்கள், மாமியாரையும் சேர்த்துத்தான்.