சம்பளம் வருகிறது, பயம் மட்டும் போகவில்லை

கேள்வி: எனக்கு வயது 34. கோவையில் ஒரு கம்பெனியில் வேலை, சம்பளம் 41,000. கணவருக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. வீட்டுக் கடன் ஒன்றுதான் இருக்கிறது, ஒரு தவணையும் தவறியதில்லை. ஆனாலும் பேங்கில் இருந்து மெசேஜ் வந்தாலே நெஞ்சு படபடக்கிறது. சின்ன வயதில் அப்பாவுக்கு வட்டிக்குக் கொடுத்தவர் விடிந்ததும் வாசலில் வந்து சத்தம் போடுவார், அம்மா எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிடுவார். இப்போது எனக்கென்று ஒரு செருப்பு வாங்கக்கூடக் கை வரவில்லை. குழந்தை ஐஸ்கிரீம் கேட்டால் எரிந்து விழுகிறேன். “உனக்குக் காசுதான் முக்கியம்” என்கிறார் கணவர். நான் கஞ்சமா? (பெயர் வேண்டாம், கோவை)

பதில்: இல்லை சகோதரி. கஞ்சனுக்குச் சேர்த்த பணத்தை எண்ணிப் பார்ப்பதிலாவது ஒரு சந்தோஷம் இருக்கும். உங்களுக்குச் செலவு செய்தாலும் நிம்மதி இல்லை, சேர்த்தாலும் நிம்மதி இல்லை. இது பயம். அந்த வாசலில் கற்றுக்கொண்ட பயம், அன்றைக்கு அதற்கு நியாயமான காரணமும் இருந்தது.

நம் பக்கத்திலேயே நடந்த ஒரு ஆய்வைச் சொல்கிறேன். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளிடம் ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் செய்தது, 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்தது. கரும்புக்காரருக்குப் பெரும்பணம் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை, வெட்டி ஆலைக்கு அனுப்பிய பிறகுதான். அதனால் ஒரே மனிதர் வெட்டுக்கு முன்னால் நகையை அடகு வைத்துக் காலம் தள்ளுவார், வெட்டு முடிந்ததும் கையில் காசோடு இருப்பார். இரண்டு சமயத்திலும் அவருக்கு ஒரே மாதிரியான புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். வெட்டுக்கு முன்னால் மெதுவாகவும் அதிகத் தப்போடும் செய்த அதே ஆள், பணம் வந்த பிறகு நன்றாகவே செய்தார். அவர் அறிவு எங்கேயும் போய்விடவில்லை, பணக்கவலை தலைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

அவர்களுக்குப் பணம் வந்ததும் அந்தப் பாரம் இறங்கியது. உங்களுக்குப் பணம் வந்து பல வருஷம் ஆகியும் இறங்கவில்லை என்றால், உங்களிடம் இல்லாதது பணம் அல்ல, “இவ்வளவு இருந்தால் போதும்” என்று சொல்ல ஒரு தொகை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தொகையை யாரும் உங்களுக்குச் சொல்லித் தரவில்லை, நீங்களும் உட்கார்ந்து போட்டுப் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் பயப்படுகிறவர்கள் கணக்கைத் திறக்கவே மாட்டார்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். வீட்டுத் தவணை, மளிகை, பள்ளிக்கூடம், பெட்ரோல், மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 50,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், ஆறு மாதத்துக்கு 3 லட்சம். சம்பளக் கணக்கோடு கலக்காமல் தனியாக ஒரு கணக்கிலோ டெபாசிட்டிலோ அதைச் சேருங்கள். பேங்கே மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்றும் உங்களுக்குத் தோன்றும், தெரியும். ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை இன்சூரன்ஸ் உண்டு, 2020 பிப்ரவரியில் 1 லட்சத்தில் இருந்து உயர்த்தினார்கள். அந்தத் தொகை நிறைந்துவிட்டால் அதற்குப் பிறகு வரும் படபடப்பை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள், அது பழைய வாசலில் இருந்து வருவது.

அப்புறம், கணவருக்கும் உங்களுக்கும் மாதம் ஆளுக்கு 1,500 ரூபாய் தனியாக ஒதுக்குங்கள். அதை எதற்குச் செலவு செய்தாய் என்று ஒருவரை ஒருவர் கேட்கவே கூடாது. உங்கள் பங்கை நீங்கள் மறுபடியும் சேமிப்பில் போட்டுவிடுவீர்கள் என்று நினைக்கிறேன், போடாதீர்கள், அந்த மாதமே செலவு செய்யுங்கள், முதலில் அந்தச் செருப்பு. ஐஸ்கிரீமுக்கும் இது பொருந்தும். பணம் என்றாலே அம்மா முகம் மாறும் என்று குழந்தை கற்றுக்கொண்டுவிட்டால், அந்தப் பயம் அடுத்த தலைமுறைக்கும் போய்விடும்.

வாசலில் நின்றவரைப் பற்றிக் கணவரிடம் முழுதாகச் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தைப் படித்தால் இல்லை என்றுதான் தோன்றுகிறது. அது தெரியாததால்தான் அவருக்கு இது காசாசையாகத் தெரிகிறது. இவ்வளவும் செய்த பிறகும் தூக்கம் கெடுகிறது, நெஞ்சு அடிக்கிறது என்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

கேள்வி: 26 வயது, சென்னையில் ஐ.டி. வேலை, கைக்கு 38,000 வருகிறது. கிரெடிட் கார்டில் 60,000 பாக்கி, மாதாமாதம் மினிமம் கட்டிவிடுகிறேன். ரூம்மேட்ஸ் ட்ரிப் போகலாம் என்றால் முடியாது என்று சொல்ல வாய் வருவதில்லை. அடுத்த மாதம் சித்தப்பா மகள் கல்யாணம், ‘சென்னையில் சம்பாதிக்கிற பையன்’ என்று 10,000 மொய் எதிர்பார்க்கிறார்கள். என்ன செய்வது? (வேளச்சேரி வாசகர்)

பதில்: தம்பி, “கட்டிவிடுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள், அதை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மினிமம் 5 சதவீதம் என்றால் 3,000 ரூபாய். மாத வட்டி 3.5 சதவீதம் என்று வைத்தால் 2,100, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 378. ஆக நீங்கள் கட்டும் 3,000-ல் கடன் குறைவது 522 ரூபாய். பாக்கி நிற்கும்போது புதிதாக எதை வாங்கினாலும் அதற்கும் வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடும், வழக்கமான வட்டியில்லாத நாட்கள் கிடைக்காது. வருஷத்துக்கு 42 சதவீத வட்டி இது. ஊரில் யாராவது இந்த வட்டிக்குக் கடன் கொடுத்தால் உங்கள் அப்பா அவர் வீட்டுப் பக்கமே போகவிட மாட்டார்.

கார்டை எடுத்து வைத்துவிட்டு மாதம் 10,000 கட்டினால், இதே வட்டியில் ஏழு மாதத்தில் ஒரு சில நூறு ரூபாய்தான் மிச்சம் நிற்கும். 38,000 சம்பளத்தில் இது கஷ்டம்தான், ஆனால் முடியும், ட்ரிப் இல்லாவிட்டால். கணக்கைவிட உங்களுக்குக் கஷ்டமாக இருப்பது அந்த “முடியாது” என்ற வார்த்தை, இல்லையா? காரணத்தை மறைத்துச் சாக்குச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் புதுச் சாக்கு தேட வேண்டிவரும். “கார்டு கடன் அடைக்கிறேன், ஏழு மாதத்துக்கு நான் எங்கேயும் வரவில்லை” என்று ஒரே தடவை அறையில் எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். அவர்களில் இன்னொருவருக்கும் இதே பாக்கி இருக்க வாய்ப்பு நிறைய, நீங்கள் சொன்ன பிறகு அவரும் சொல்லலாம்.

மொய் விஷயத்தில் யார் எதிர்பார்க்கிறார்கள் என்பதை விட்டுவிட்டு, வீட்டு மொய் நோட்டைப் பாருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சித்தப்பா என்ன எழுதினாரோ அதைத் திருப்பிச் செய்து, மேலே கொஞ்சம் புதுநடை சேர்த்தால் முறை முடிந்தது, பெரும்பாலும் அதை அப்பாவே எழுதுவார். உங்கள் பெயரில் தனியாக 10,000 எழுதினால் அது நாளைக்கு அவர்கள் தலையிலும் ஒரு கடன்தான். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே போய்ப் பந்தி வேலை பாருங்கள். அப்பாவிடம் கார்டு விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். திட்டுவார். திட்டி முடித்த பிறகு உங்கள் பக்கம்தான் நிற்பார்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவன். தங்கை கணவருக்கு 2 லட்சம் கொடுத்தேன், புரோநோட்டு எழுதி வாங்கியிருக்கிறேன். இரண்டரை வருஷம் ஆகிறது, ஒரு பைசா வரவில்லை. கேட்டால் உறவு கெட்டுவிடுமோ என்று தயக்கம். (மதுரை வாசகர்)

பதில்: ஐயா, கேட்காமலே உறவு கெட்டுக்கொண்டுதான் இருக்கிறது. தங்கை வீட்டுக்குப் போனால் அங்கே இருக்கும் புது டி.வி.யைத்தானே கண் பார்க்கிறது? தனியாகக் கூப்பிட்டு, குரலை உயர்த்தாமல், “மாப்பிள்ளை, மாதம் எவ்வளவு முடியும்?” என்று கேளுங்கள். 3,000 என்றாலும் சரி என்று சொல்லுங்கள். திருப்பித் தரவே வழியில்லாத நிலை என்று தெரிந்தால், உங்கள் ஓய்வூதியம் தாங்கும் என்றால், தங்கைக்குச் செய்ததாக நினைத்து விட்டுவிடுவதும் ஒரு முடிவுதான், அதை இப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். விடுவதாக இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள், புரோநோட்டுக்குக் கெடு 3 வருஷம், அதற்குப் பிறகு அதை வைத்து வழக்குப் போட முடியாது. அந்தக் கெடுவுக்குள் அவர் ஒரு தொகை கொடுத்து, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டால் அன்றில் இருந்து புதிதாக 3 வருஷம் கிடைக்கும். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஆறே மாதம், இந்த வாரமே பேசிவிடுங்கள்.