ஐஇஎல்டிஎஸ் கட்டுரையில் தலைகீழ் வாக்கிய அமைப்பு கட்டாயமா? அதைப் பிழையின்றி எழுதுவது எப்படி?

ஐஇஎல்டிஎஸ் என்னும் ஆங்கிலத் திறன் தேர்வுக்காக, 'நெவர் ஹேவ் ஐ சீன்', 'ஹார்ட்லி ஹேட் ஐ ரீச்ட்' போன்று துணைவினை எழுவாய்க்கு முன்னே வரும் தலைகீழ் வாக்கியங்களைப் பயிற்சி மையத்தில் மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள், அவை இல்லாவிட்டால் ஒன்பது வரையுள்ள பேண்ட் என்னும் தரநிலையில் ஏழு கிடைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். தாங்கள் செவிலியர் பணிக்காக வெளிநாடு செல்ல முயல்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் இதே கேள்வியோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அவ்வாறானவர்களே.

கட்டாயமில்லை. எழுத்துத் தேர்வு நான்கு அளவுகோல்களால் சம எடையில் மதிப்பிடப்படுகிறது. இலக்கணத்தின் வீச்சும் துல்லியமும் அவற்றுள் ஒன்று, அதாவது கால் பங்கு. ஏழாம் பேண்டுக்கு அது எதிர்பார்ப்பது பலவகைக் கலவை வாக்கியங்களையும், பிழையற்ற வாக்கியங்கள் அடிக்கடி வருவதையும்தான். 'இஃப்', 'ஆல்தோ', 'விச்' ஆகியவற்றைக் கொண்டு ஒழுங்காக எழுதினாலே அந்த வீச்சைக் காட்டிவிடலாம். மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வாகிய ஓஇடி எழுதுபவராயின் தங்களுக்கு இந்தக் கவலையே வேண்டியதில்லை. அங்கே எழுத வேண்டியது பெரும்பாலும் ஒரு நோயாளியைப் பற்றிய பரிந்துரைக் கடிதம், அதில் இந்த அமைப்புக்கு இடம் மிகக் குறைவு.

ஆயினும் இந்த அமைப்பையே வெறும் அலங்காரம் என்று ஒதுக்குபவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தின் கடலோரத்தில், அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டத்தை உலுக்கிய பிறகு, பள்ளி மாணவர்களுக்கான ஆங்கிலக் கட்டுரைப் போட்டி ஒன்றில் 'நான் கண்ட இயற்கைப் பேரிடர்' என்னும் தலைப்புக் கொடுக்கப்பட்டது. என் மாணவி ஒருத்தி, கொளச்சலுக்கு அருகிலுள்ள மீனவ ஊரைச் சேர்ந்தவள், மின்சாரம் போனது, தொலைபேசி இயங்காதது, தாயார் கடற்கரையிலேயே அமர்ந்திருந்தது என்று சிறு சிறு வாக்கியங்களாக எழுதிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் மட்டும் 'நாட் அன்டில் த தேர்ட் டே டிட் மை ஃபாதர்ஸ் போட் கம் பேக்' என்று எழுதியிருந்தாள். மூன்றாம் நாள் வரையில் படகு வரவில்லை என்னும் அந்தக் காத்திருப்பு முழுவதும் வாக்கியத்தின் தொடக்கத்திலேயே வந்து நிற்கிறது, படகோ கடைசியில்தான் கரை சேர்கிறது. 'மை ஃபாதர்ஸ் போட் கேம் பேக் ஆன் த தேர்ட் டே' என்று எழுதியிருந்தால் செய்தி கிடைத்திருக்கும், அந்த மூன்று நாள்கள் கிடைத்திருக்க மாட்டா.

நடுவர் அந்த 'டிட்' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'கம்' என்பதைக் 'கேம்' என்று திருத்தி, பக்கத்தில் ஒரு வினாக்குறியும் இட்டிருந்தார். முடிவுகள் வந்தபின் அவரிடம் சென்று விளக்கம் கேட்டேன். 'டிட்' எழுவாய்க்கு முன்னால் வந்தால் அது கேள்வி, இங்கே கேள்வி ஏதும் இல்லை என்றார். நான் இலக்கண நூலைத் திறந்து காட்டியபோது, இது பழைய ஆங்கிலம் என்றும், பிள்ளைகளை இப்படிக் குழப்பக் கூடாது என்றும் சொன்னார். மதிப்பெண் மாறவில்லை. அவரைச் சிறுமைப்படுத்துவதற்காக இதை எழுதவில்லை. நல்ல உழைப்பாளி, வயதிலும் என்னைவிடப் பெரியவர். என் மாணவிக்குப் பரிசு கிடைக்காத ஆற்றாமையால் எழுதுகிறேன் என்று யாரேனும் சொன்னால், அதுவும் ஓரளவு உண்மைதான்.

அவர் சொன்னதில் ஒரு பாதி சரி. பழைய ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதலிடத்தில் எது வந்தாலும் வினை இரண்டாம் இடத்தில் நிற்பது பரவலான வழக்கம். ஜெர்மன், டச்சு மொழிகளில் இன்றும் அதுவே விதி. ஆங்கிலம் அந்த வழக்கத்தைப் பெருமளவு கைவிட்டது. கேள்விகளிலும், எதிர்மறைச் சொற்கள் முதலில் வரும் இடங்களிலும், வேறு சில இடங்களிலும் மட்டும் அது தங்கிவிட்டது. வேர் பழையதே தவிர, வாக்கியம் பழையதன்று. 'அண்டர் நோ சர்கம்ஸ்டன்சஸ் ஷுட்' என்று தொடங்கும் எச்சரிக்கைகளைத் தாங்கள் பணியாற்றப்போகும் மருத்துவமனைச் சுவரிலேயே காணக்கூடும்.

விதி இதுதான். 'நெவர்', 'ரேர்லி', 'செல்டம்', 'ஹார்ட்லி', 'நோ சூனர்', 'நாட் ஒன்லி', 'ஒன்லி தென்' போன்று மறுக்கும் அல்லது வரம்பிடும் சொல் முதலில் வந்தால், துணைவினை எழுவாய்க்கு முன்னே வரும். வாக்கியத்தில் 'ஹேவ்', 'கேன்', 'வில்' போன்ற துணைவினை முன்பே இருந்தால் அதுவே நகரும். இல்லாவிட்டால் 'டூ', 'டஸ்', 'டிட்' ஆகியவற்றுள் பொருத்தமானதைக் கொண்டுவர வேண்டும். காலத்தை அது சுமந்துகொள்வதால் முதன்மை வினை அடிப்படை வடிவத்துக்குத் திரும்பிவிடும். 'டிட்' வந்த பிறகும் 'கேம்' என்று எழுதுவது நம் பிள்ளைகளிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை.

அதைவிட ஆழமான குழி ஒன்று உண்டு. 'ஒன்லி ஆஃப்டர்', 'நாட் அன்டில்' ஆகியவற்றுக்குப் பின்னால் ஒரு முழுத் துணைவாக்கியம் வந்தால், மாற்றம் அதில் நிகழாது. அடுத்து வரும் முதன்மை வாக்கியத்தில்தான் நிகழும். 'ஒன்லி ஆஃப்டர் த ரெயின் ஸ்டாப்ட் டிட் த போட்ஸ் லீவ்' என்பதே சரி. 'ஒன்லி ஆஃப்டர் டிட் த ரெயின் ஸ்டாப்' என்று தொடங்கினால் பிழை. 'நாட் ஒன்லி' வாக்கியத்தின் முதலில் வந்தால் இதற்கு நேர்மாறு: அதை அடுத்து வரும் பகுதியே மாறும், 'பட்' சேர்ந்த பகுதி இயல்பாகவே இருக்கும். 'ஹார்ட்லி' என்று தொடங்கினால் பின்னால் 'வென்' (when) வரும், 'நோ சூனர்' என்றால் 'தேன்' (than). இவ்விரண்டையும் மாற்றிப் போடுவதை நான் பார்க்காத ஆண்டே இல்லை.

'நோ' என்று கண்டவுடன் தலைகீழாக்கிவிடவும் வேண்டாம். 'அட் நோ டைம்' என்பது ஒருபோதும் இல்லை என்று மறுப்பதால் துணைவினை முன்னே வரும். 'இன் நோ டைம்' என்பது விரைவாக என்று பொருள்படுவதால் 'இன் நோ டைம் ஹி ஃபினிஷ்ட்' என்று நேராகவே எழுத வேண்டும். முழு வாக்கியத்தின் மீதும் மறுப்பு விழுகிறதா என்பதே சோதனை.

பயிற்சி மையங்களின் மீது எனக்குள்ள குறை, அவை இதைக் கற்பிக்கின்றன என்பதன்று. காரணத்தை விட்டுவிட்டுப் பட்டியலை விற்கின்றன என்பது. நாற்பது நிமிடத்தில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டிய கட்டுரையில் பத்திக்கொன்றாக இவற்றைச் செருகுவது, ஒவ்வொரு சொல்லுக்கும் மேசையைத் தட்டிப் பேசுவதைப் போன்றது. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளிடம் இந்தப் பட்டியல்கள் எளிதில் விலைபோவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கிழக்கே போனால் 'உங்கள் தமிழில் மலையாள வாடை' என்கிறார்கள், மேற்கே கேரளத்துக்குப் போனால் தமிழரைக் கேலியாகச் சொல்லும் 'பாண்டிக்காரர்' என்கிறார்கள். பேசும் மொழிக்காகவே கேலி கேட்டு வளர்ந்த பிள்ளை, ஆங்கிலத்திலாவது ஒரு பெரிய வாக்கியத்தைக் காட்டிவிட வேண்டும் என்று நினைப்பதில் வியப்பில்லை. இது தாங்கள் கேட்டதற்குத் தொடர்பில்லாததாகத் தோன்றலாம். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

தாங்கள் எழுதத்தான் வேண்டுமென்றால், நிபந்தனை வாக்கியத்தின் தலைகீழ் வடிவத்தை முதலில் பழகுங்கள். 'இஃப் த கவர்ன்மென்ட் ஹேட் ஆக்டெட்' என்பதில் 'இஃப்' என்பதை நீக்கி 'ஹேட் த கவர்ன்மென்ட் ஆக்டெட்' என்று தொடங்குவது கட்டுரை நடைக்கு உறுத்தாமல் பொருந்தும். 'வேர்' (were), 'ஷுட்' ஆகியவற்றையும் இவ்வாறே முன்னுக்குக் கொண்டுவரலாம். எதிர்மறையாக்கும்போது மட்டும் 'ஹேடிண்ட் த கவர்ன்மென்ட்' என்று சுருக்காமல், 'ஹேட் த கவர்ன்மென்ட் நாட் ஆக்டெட்' என்று 'நாட்' என்பதை எழுவாய்க்குப் பின்னால் தனியே நிறுத்த வேண்டும்.