நடிகை போட்டோ போதும், உங்க கண்ணைக் காட்டுங்க

இந்த முறை வந்த கண் மேக்கப் கேள்விகளில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு நடிகையின் போட்டோவோடு வந்தவை. "இதே மாதிரி வீட்டிலேயே போடணும்" என்கிறீர்கள். சரி, உங்கள் கண் எப்படி இருக்கும்? அதை ஒருவர் மட்டும்தான் அனுப்பியிருந்தார். அடுத்த முறை ஜன்னல் பக்கம் நின்று, பில்டர் போடாமல், கண்ணைத் திறந்து ஒன்று, மூடி ஒன்று என இரண்டு போட்டோ எடுத்து அனுப்புங்கள். அனுப்பாதவர்களுக்குப் பதில் பொதுவாகத்தான் இருக்கும். அப்புறம் கோபித்துக்கொள்ளக் கூடாது.

2022 கேன் திரைப்பட விழாவில் தீபிகா படுகோனே கறுப்பும் தங்கமுமாகச் சேலை கட்டி, தடிமனாக ஐலைனர் போட்டிருந்தாரே, அது என் ரிசப்ஷனுக்கு வேண்டும். நானே போட்டுக்கொள்ள முடியுமா? – ஓசூர் வாசகி

முடியும். ஆனால் அதே தடிமனில் முடியாது. கண் போட்டோ அனுப்பிய புண்ணியவதி நீங்கள்தான், அதனால் உறுதியாகவே சொல்கிறேன். தீபிகாவுக்குக் கண்ணைத் திறந்தாலும் இமையில் தாராளமாக இடம் தெரியும். உங்களுக்கு மேல் தோல் மடிந்து இறங்கி, தெரிகிற இடம் ரெண்டு மில்லிமீட்டர்கூட வராது. அங்கே பட்டையாக இழுத்தால், கண்ணைத் திறந்ததும் மை முழுக்க மடிப்புக்குள் போய்விடும். மேலே ஒட்டி இன்னொரு அச்சும் விழும்.

கண்ணாடியை நேராகப் பாருங்கள், கண் திறந்தே இருக்கட்டும். கீழ் இமை முடியும் இடத்திலிருந்து புருவ வால் பக்கமாக ஒரு கோடு மனதில் இழுத்து, அதன் நுனியில் மட்டும் ஒரு புள்ளி வையுங்கள். ரெண்டு கண்ணிலும் புள்ளி வைத்த பிறகுதான் கோடு. முதலில் வால், பிறகு அதை இமை முடியோடு சேர்ப்பது. நடுவிலிருந்து மூக்குப் பக்கம் வர வர முடி கனத்துக்கு மெலியட்டும். முதல் கோடு அடர் பிரவுன் பென்சிலில் போட்டால் பிசகினாலும் திருத்தலாம். திருப்தியான பிறகு மேலே ஜெல் லைனர். அதற்கும் மேலே, தட்டையான பிரஷில் கறுப்பு மேட் (மினுக்காத) ஐ ஷேடோவை ஒற்றி எடுத்தால் மை அசையாது. கண்ணில் இவ்வளவு கறுப்பு இருக்கும்போது உதட்டுக்கு அடர் சிவப்பு கேட்காதீர்கள். முடித்ததும் போன் ஃபிளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாருங்கள். இதை இன்னும் நாலு தடவை சொல்வேன்.

காலையில் போட்ட காஜல் பத்து மணிக்குள் கன்னத்துக்கு வந்துவிடுகிறது. – காவேரிப்பட்டணம்

கண்ணுக்குள் ஓரத்தில் இழுக்கிறீர்கள், அதுதான் காரணம். இமை முடிக்கு வெளிப்பக்கம் போடுங்கள். போடும் முன் கண்ணுக்குக் கீழே பவுடர் ஒற்றிக்கொள்ளுங்கள். இமை விளிம்பில் எண்ணெய் சுரக்கும் நுண் துளைகள் இருக்கின்றன. தினமும் அதன் மேல் மெழுகை அப்பினால் அடைத்துக்கொள்ளும், பிறகு கட்டி வரும்.

அக்கா, நல்ல ஐலைனர் ஒண்ணு சொல்லுங்க. – ஊர் போடவில்லை

ஊர் மட்டுமா போடவில்லை? எவ்வளவு செலவு செய்வீர்கள், தோல் எண்ணெய்ப் பசையா வறட்சியா, லென்ஸ் போடுகிறீர்களா, இதற்கு முன் எது ஒத்துக்கொள்ளவில்லை, எதுவும் இல்லை. நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? எதை வாங்கினாலும் தயாரித்தவர் முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், எதுவரை பயன்படுத்தலாம் என்ற தேதி, இந்த நாலும் டப்பாவில் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

காலேஜில் ரெட்ரோ டே. சரோஜாதேவி மாதிரி கண் வேண்டும். – அரூர் மாணவி

60-களின் கண்ணுக்கு அழகே மீன் வால்தான். மேல் இமைக் கோடு கண்ணைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே போகட்டும். கீழ்க் கோட்டையும் அதே போல வெளியே இழுங்கள், ஆனால் ரெண்டையும் சேர்க்காதீர்கள். நடுவில் விடுகிற அந்தச் சந்தில் தோல் நிறத்தில் பென்சில் பூசினால் கண் நீளமாகத் தெரியும். பரதநாட்டியம் ஆடிய தோழி இருந்தால் அவளிடமே கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடுவாள். புருவத்தைக் கரிக்கறுப்பில் வரையாமல் அடர் பிரவுனில் வரையுங்கள். மற்றபடி பவுடர், பொட்டு, பூ. ஷிம்மர், அதாவது மினுமினுப்பு, வேண்டவே வேண்டாம், அது அந்தக் காலத்து முகம் இல்லை.

பள்ளி ஆண்டு விழாவில் அறுபது பிள்ளைகளுக்குக் கண் மேக்கப் போடும் பொறுப்பு என்னிடம். சீக்கிரம் போட்டு முடிக்க ஒரு வழி சொல்லுங்கள். – பாலக்கோடு ஆசிரியை

டீச்சர், உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்காகத்தான் பல வருஷமாகக் காத்திருக்கிறேன்.

ஆண்டு விழா சீசன் வந்தால் மேடைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரே காஜல், ஒரே பிரஷ், ஒரே ஸ்பாஞ்சு. வரிசையில் முதல் பிள்ளையின் கண்ணில் இழுத்த அதே நுனி, கடைசிப் பிள்ளை வரைக்கும் போகும். நடுவில் ஒரு பிள்ளைக்குக் கண் லேசாகச் சிவந்திருந்தால் "தூக்கம் இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். மெட்ராஸ் ஐ கிருமிக்கு இதைவிட நல்ல வாகனம் கிடையாது. அந்த வைரஸ் பொருட்களின் மேல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். 2022 நவம்பரில் தமிழ்நாடு முழுக்க அது பரவியபோது துண்டு, தலையணையைத் தனியாக வை என்று வீட்டுக்கு வீடு பேசினோம். மேக்கப் பெட்டியைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பார்லரில் ஒரு மணப்பெண்ணுக்கு நான் பிரஷ் கழுவாமல் போட்டால் சண்டைக்கு வருகிற அம்மாக்கள், தன் மகள் கண்ணில் ஊர் காஜல் போவதை நின்று வீடியோ எடுக்கிறார்கள்!

வழி சொல்கிறேன். விழாவுக்கு ஒரு வாரம் முன்பே, ஒவ்வொரு பிள்ளையும் தன் காஜல் பென்சிலைப் பெயர் எழுதிய கவரில் கொண்டுவரச் சொல்லிவிடுங்கள். ஐம்பது, நூறு ரூபாயில் ஒழுங்கான பென்சில் கிடைக்கிறது, டான்ஸ் டிரஸ் வாடகையில் பாதிகூட வராது. அது முடியாத பிள்ளைகளுக்கு மட்டும் பள்ளியே ஒரு ஜெல் மை வாங்கட்டும். சுத்தமான ஸ்பூன் காம்பில் கொஞ்சம் எடுத்து எவர்சில்வர் தட்டில் வையுங்கள். ஆளுக்கு ஒரு பட்ஸ், ஒரு நுனி ஒரு கண்ணுக்கு, அப்புறம் குப்பைக்கு. தொட்ட பட்ஸ் மறுபடி மைக்குத் திரும்பக் கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள், மீதியை எப்படி வேண்டுமானாலும் செய்யுங்கள்.

கண்ணுக்கு உள்ளே இழுக்கவே கூடாது. மேல் இமை வெளிப்பக்கம் ஒரு கோடு போதும். மேடை லைட்டில் பத்தாவது வரிசை நாற்காலிக்கு அதுதான் தெரியும். கண் சிவந்த பிள்ளைக்கு மேக்கப் கிடையாது, அழுதாலும் கிடையாது. மற்ற பிள்ளைகள் நிகழ்ச்சி முடிந்து அப்படியே வேனில் தூங்கிவிடும், அதனால் "வீட்டுக்குப் போனதும் தேங்காய் எண்ணெயில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள்" என்று பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் முதல் நாளே போட்டுவிடுங்கள். சீக்கிரம் முடிக்க வழி கேட்டீர்கள். கூட ரெண்டு டீச்சரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதுதான் வழி.

மஸ்காரா ரெண்டு வருஷம் ஆயிற்று, காய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றிக் கலக்கலாமா? – பென்னாகரம்

வேண்டாம். தூக்கிப் போடுங்கள். திறந்த மஸ்காராவுக்கு மூணு மாசம்தான் ஆயுசு. கண் நோய் வந்து போனால் அந்த மூணு மாசமும் கிடையாது.

நயன்தாரா கல்யாணத்துச் சிவப்புச் சேலை மாதிரியே எடுத்திருக்கிறேன், வைகாசியில் முகூர்த்தம். நான் கறுப்பு. ஐ ஷேடோ போட்டால் சாம்பல் பூசினது போல இருக்கிறது. – கிருஷ்ணகிரி மணப்பெண்

"நான் கறுப்பு" என்பதை ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வது போல எழுதியிருக்கிறீர்கள். நிறத்தில் கோளாறு இல்லை, பேலட்டில்தான். வெளிர் ரோஸ், வெள்ளி, பால் நிற ஹைலைட்டர் எல்லாம் வெளுத்த தோலுக்கென்று கலந்தவை, நம் இமையில் சுண்ணாம்பாகத்தான் நிற்கும். செம்பு, வெண்கலம், பழைய தங்கம், மெரூன், இவற்றில் ரெண்டு போதும். இமைக்கு முதலில் உங்கள் தோல் நிறத்திலேயே கன்சீலரை (கறுமையை மறைக்கிற கிரீம்) மெல்லிசாகப் பூசி, மடிப்பில் மேட் மெரூன், நடுவில் செம்பு ஷிம்மரை விரலால் ஒற்றுங்கள். பிரஷைவிட விரலில்தான் ஷிம்மர் நன்றாகப் பிடிக்கும்.

2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நடந்த அந்தக் கல்யாணத்தில் சேலையும் பச்சைக்கல் நகையும்தான் பேசின, கண் அமைதியாக இருந்தது. நீங்களும் அடக்கியே போடுங்கள். வைகாசி வெயிலில், நம்ம ஊர் மண்டபத்தில், ஹோமப் புகைக்கு முன்னால் ரெண்டு மணி நேரம் உட்காரப் போகிறீர்கள். எல்லாம் வாட்டர்ப்ரூஃப். கண்ணுக்குக் கீழே வெள்ளைப் பவுடரை அள்ளிக் கொட்டாதீர்கள், சிலிக்கா அதிகமுள்ள பவுடர் கேமரா வெளிச்சத்தில் வெள்ளைத் திட்டாக விழும். ட்ரையல் அன்றைக்கே போன் ஃபிளாஷ் போட்டு எடுத்துப் பாருங்கள். புதுப் பொருள் எதுவானாலும் ரெண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பார்க்க வேண்டும்.

நான் மாப்பிள்ளை. கருவளையத்தை மறைக்கணும், ஆனால் மேக்கப் போட்டது தெரியக் கூடாது. – ஊத்தங்கரை

ஆரஞ்சு கலந்த கரெக்டர் பட்டாணி அளவில் கால்வாசி, கறுத்த இடத்தில் மட்டும். மேலே உங்கள் நிறத்தில் கன்சீலர், விரலால் தட்டித் தட்டி. நிறத்தைவிட வெளுப்பாக வாங்கினால் ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி நண்பர்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.

பேத்திக்கு மூணு மாசம். நான் விளக்குப் புகையில் கூட்டின மைதான், கடை மை இல்லை. கண்ணில் வைக்கலாமில்லையா? – பர்கூர்

வேண்டாம்மா. கூட்டின மையானாலும் கரித்தூள் கரித்தூள்தான், விரலில் இருக்கிற அழுக்கும் கூடவே போகும். கடையில் பெயர் தெரியாமல் விற்கிற மை, சுருமா இன்னும் மோசம். சிலதில் ஈயம் இருக்கிறது, அது பிள்ளை மூளையைப் பாதிக்கும். கண் பெரிதாக வளரும் என்பதெல்லாம் பேச்சு. திருஷ்டிக்குத்தானே? நீங்கள் கூட்டின மையையே உள்ளங்காலில் ஒரு பொட்டாக வைத்துவிடுங்கள், மருமகளும் சண்டைக்கு வரமாட்டாள்.

பிரஷ் கழுவிக் காய வைத்தால் முடி விறைத்து வெள்ளை படிகிறது. – தர்மபுரி டவுன்

போர் தண்ணீர். நம்ம பக்கத்து உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து பிரஷ் முடியிலேயே ஒட்டிக்கொள்கிறது. சோப்புக்குப் பதில் ஷாம்பு போடுங்கள், கடைசி அலசலை ஒகேனக்கல் தண்ணீரிலோ கேன் தண்ணீரிலோ செய்யுங்கள். ஒரு டம்ளர் போதும். தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் முடியை ஒட்டியிருக்கிற பசைக்குள் தண்ணீர் இறங்கி முடி கொட்டும்.

லிப்ஸ்டிக்கையே ஐ ஷேடோவாகப் போடச் சொல்லி வீடியோவில் காட்டுகிறார்களே? – மத்தூர்

காட்டுவார்கள். உதட்டுக்கு அனுமதித்த சில சிவப்பு நிறமிகளை அமெரிக்காவில் கண் பக்கம் அனுமதிப்பதில்லை. இமைத் தோல் அவ்வளவு மெல்லிசு. தவிர, ஒரு மணி நேரத்தில் மடிப்பில் சேர்ந்து கோடு கோடாக நிற்கும்.

குமாரசாமிப்பேட்டை தைப்பூசத்துக்குத் தேர் வடம் பிடிக்கப் போகிறோம். கூட்டம், வியர்வை. கண்ணில் என்ன போடலாம்? – தர்மபுரி தோழிகள்

பெண்களே வடம் பிடிக்கிற தேர், அலங்காரம் இல்லாமலா போவீர்கள்! ட்யூபிங் மஸ்காரா என்று கேட்டு வாங்குங்கள், இமை முடியைக் குழாய் போலச் சுற்றிப் பிடிக்கிற வகை அது, வியர்வைக்கு வழியாது, ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் உரிந்து வரும். மேல் இமைக்கு மட்டும் வாட்டர்ப்ரூஃப் கோடு. ஒட்டு இமை முடி, ஜிகினா தூள் ரெண்டும் கூடாது. கைவினைக் கடை ஜிகினாவின் முனை கண்ணுக்குள் போனால் கருவிழியைக் கீறும், கயிற்றை விட்டுவிட்டுக் கண்ணைத் துடைக்க அங்கே நேரமும் இருக்காது.