பக்கியின் பின்புறம் அமுங்குவது பற்றி

வணக்கம் நண்பரே. கேரவனை இழுத்துக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் என்3 நெடுஞ்சாலையில் டவுன் ஹில் (Town Hill) என்ற ஏற்றத்தில் ஏறும்போது பக்கியின் (பிக்அப் வண்டியின்) பின்புறம் அமுங்கி ஸ்டீயரிங் லேசாகிறது என்கிறீர்கள். முன் அச்சின் பாரம் பின்னால் போய்விட்டது. எடைப் பகிர்வு ஹிட்ச்சின் (வண்டியையும் கேரவனையும் இணைக்கும் கொக்கி அமைப்பின்) ஸ்பிரிங் கம்பிகள் அதில் ஒரு பங்கை முன்னுக்குத் திருப்பும், சரி. ஆனால் வாங்கும் முன் கேரவனின் மூக்குப் பாரத்தை, அதாவது அதன் முன்முனை ஹிட்ச்சின் மேல் அழுத்தும் எடையை, எடைபோட்டுப் பாருங்கள். தண்ணீர் கேன்கள் கேரவனின் முன்னால் இருந்தால் அதன் அச்சுக்கு மேலே நகர்த்துங்கள். கடைசிவரை பின்னால் தள்ளிவிடாதீர்கள், வால் ஆடும்!

ஹிட்ச்சை மாட்டும்போது பக்கியின் முன் மட்கார்டு உயரத்தை வெறும் வண்டியில் ஒருமுறை, கேரவனோடு ஒருமுறை அளந்து பாருங்கள். எழும்பியதில் பாதியாவது இறங்கும்வரை ஸ்பிரிங் கம்பிகளின் சங்கிலியை இறுக்கினால் போதும்; அதற்கு மேல் வண்டிக் கையேடு சொல்வதுதான். வண்டியின் இழுவை வரம்பை இந்த ஹிட்ச் ஒரு கிலோகூட உயர்த்தாது. அப்புறம், கேரவனின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால் லைசென்ஸில் ஈபி (EB, கனமான டிரெய்லர் இழுப்பதற்கான வகை) வேண்டும்.