பாதிக்கு மேல் ஒரே ஒரு ஓட்டு

கேள்வி: எங்கள் வியாபாரிகள் சங்கத் தேர்தலில் மும்முனைப் போட்டி. நாற்பது சதவீதம்கூட வாங்காதவர் தலைவராகிவிட்டார். 'பாதிக்கு மேல் வாங்கினால்தான் தலைவர், யாரும் வாங்காவிட்டால் செயற்குழு முடிவு செய்யும்' என்று விதியை மாற்றப் பார்க்கிறோம். அமெரிக்காவில் கவர்னரையே இப்படித்தான் தேர்ந்தெடுத்தார்களாமே?
- வாசகர் ஒருவர், திருமங்கலம்

பதில்: உண்மைதான். ஆனால் அதைப் பார்த்து ஆசைப்படாதீர்கள்!

அங்கே கவர்னர் என்பவர் டெல்லி அனுப்பிவைக்கும் ஆளுநர் அல்ல. நம்ம ஊர் முதல்வர் மாதிரி நிர்வாகமே அவர் கையில். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1855 வரை யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் நான்கு இடம் பிடித்தவர்களில் இருவரைக் கீழ்சபை பொறுக்கி அனுப்பும். மேல்சபை அவர்களில் ஒருவரைக் கவர்னராக்கும். முதலிடம் வந்தவருக்கே பதவி என்ற கட்டாயம் கிடையாது. வம்பே அங்கேதான்.

1839-ல் மொத்த ஓட்டு 1,02,066. பாதி 51,033. ஜனநாயகக் கட்சியின் மார்கஸ் மார்ட்டன் வாங்கியது 51,034! அந்த ஒன்று குறைந்திருந்தால், எதிர்க்கட்சியான விக் கட்சி வலுவாக இருந்த சட்டசபை அவரை வீட்டுக்கு அனுப்பியிருக்கும்.

1850-ல் முதலிடம் விக் கட்சியின் பிரிக்ஸுக்கு, பாதியைத் தொடவில்லை. இரண்டாமிடம் ஜனநாயகக் கட்சியின் பௌட்வெல். மூன்றாவது, அடிமைமுறை பரவுவதை எதிர்த்த ஃப்ரீ சாயில் கட்சி. பின்னால் வந்த இரண்டும் கைகோத்தன: கவர்னர் பதவி உனக்கு, வாஷிங்டனில் உள்ள செனட்டில் (நம்ம ராஜ்யசபா மாதிரி) சீட் எனக்கு. அன்று செனட்டரையும் மாநில சட்டசபைதான் தேர்ந்தெடுத்தது. 1851 ஜனவரியில் பௌட்வெல் கவர்னர். ஏப்ரலில் ஃப்ரீ சாயிலின் சார்லஸ் சம்னர் செனட்டர். சம்னர் அருமையான மனிதர், அது வேறு விஷயம். மூன்றாமவர் ஜெயிக்கவே வேண்டாம், யாரையும் பாதியைத் தொடவிடாமல் செய்தாலே பேரத்துக்கு உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் இந்த விதியின் ஓட்டை. உங்கள் செயற்குழுவிலும் இதே நடக்கும்.

விதியைக் கட்டாயம் மாற்றுவதென்றால், முதலிரண்டு பேருக்கு மட்டும் உறுப்பினர்களிடமே மறு ஓட்டெடுப்பு வையுங்கள். செயற்குழுவிடம்தான் விடுவீர்கள் என்றால், எத்தனை சுற்று என்று எழுதுங்கள். இதே மாதிரி விதி இருந்த வெர்மான்ட் மாநிலச் சட்டசபை 1835-ல் 63 சுற்று ஓட்டுப் போட்டும் கவர்னர் அமையாமல், துணை கவர்னர் ஜெனிசனே பொறுப்பைப் பார்த்தார். செல்லாத ஓட்டு மொத்தத்தில் சேருமா என்பதையும் எழுதுங்கள். கனெக்டிகட்டில் 1890-ல் தள்ளுபடியான ஓட்டுகளால்தான் தகராறு. ஒரு சபை ஒரு கட்சியிடம், மறு சபை இன்னொரு கட்சியிடம், முடிவே வரவில்லை. பழைய கவர்னர் பல்க்லி 1893 வரை நாற்காலியை விடவில்லை. எதிர்க்கட்சி அதிகாரி ஒருவர் அலுவலகக் கதவைப் பூட்டிவிட, கடப்பாரையால் நெம்பித் திறக்க வைத்தார். 'கடப்பாரை கவர்னர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஆகவே, அடுத்த தலைவர் வரும்வரை ஆபீஸ் சாவி யாரிடம் என்பதும் விதியில் இருக்கட்டும்.

கேள்வி: இன்றும் அங்கே அந்த முறை உண்டா?
- கல்லூரி மாணவி, மேலூர்

பதில்: வெர்மான்ட்டில் உண்டு. 2014 தேர்தலில் யாரும் பாதியைத் தாண்டவில்லை. 2015 ஜனவரியில் சட்டசபை ரகசிய ஓட்டெடுப்பு நடத்தி, 110 ஓட்டுப் போட்டு (எதிராளிக்கு 69) பீட்டர் ஷம்லினைத் தேர்ந்தெடுத்தது. மக்கள் ஓட்டிலும் அவர்தான் முதலிடம்.