வெள்ளிக் காப்பில் கையாலேயே கொடிச் சித்திரம் செதுக்கக் கற்க என்ன கருவிகள் வேண்டும்? மின்சார எங்க்ரேவிங் பேனாவில் தொடங்கலாமா?

பேனா வேண்டாம். பாத்திரக்கடையில் எவர்சில்வர் தூக்கில் பேர் வெட்டித் தருவார்களே, அந்த வேலைக்கு அது சரி. அது உலோகத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்துகிறது, அவ்வளவுதான். நீங்கள் கேட்கும் கொடிச் சித்திரத்தில் உளிமுனை உள்ளே இறங்கி, ஒரு சீவலைச் சுருட்டி எடுத்தபடியே முன்னே போகவேண்டும். அப்படி எடுத்த பள்ளத்தின் சுவர்கள் வழவழப்பாக இருப்பதால்தான் கோடு பளிச்சென்று ஒளியை வீசுகிறது. குத்திய கோடு எப்போதும் மங்கலாகவே இருக்கும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. 3/32 அங்குல (சுமார் 2.4 மி.மீ) சதுர ஹெச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) கிரேவர், அதாவது செதுக்கும் உளிக்கம்பி, இரண்டு, உள்ளங்கையில் அடங்கும் காளான் வடிவ மரப்பிடி, 600, 1200 கிரிட் (சொரசொரப்பு எண், எண் கூடினால் நைசு) வைரத் தகடுகள், அரை மைக்ரான் வைரப் பேஸ்ட், 10 மடங்கு லூப் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் சிறு பூதக்கண்ணாடி), தலையில் மாட்டும் 2.5 அல்லது 3 மடங்கு உருப்பெருக்கி. பழக 1.5 மி.மீ கன செம்புத் தகட்டை 5 செ.மீ சதுரங்களாக வெட்டி வாங்குங்கள். கார்பைடு கிரேவர் இப்போதைக்கு வேண்டாம், தடுமாறும் கையில் பொலபொலவென்று முனை உதிரும். கார்பன் ஸ்டீல் மலிவு. ஆனால் கிரைண்டரில் ஒரு நொடி அதிகம் வைத்து நீலம் பாரித்துவிட்டால் அந்த முனையின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். காற்றழுத்தத்தில் ஓடும் கிரேவர்களைப் பற்றி யூடியூப்பில் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவை கைக்கு வேண்டிய பலத்தைக் குறைக்கும், மழுங்கிய முனையைக் கூராக்காது.

இந்தக் கலையில் முக்கால்வாசி தீட்டுவதுதான். சதுரக் கம்பியின் ஒரு மூலை கீழே வரும்படி பிடித்தால், வெட்டும் 'வி' 90 பாகையில் தானாகவே கிடைக்கிறது. அடுத்தது முகம், அதாவது முனையின் சரிந்த முன்பக்கம். செம்பு, வெள்ளிக்கு 45 பாகை. இரும்புக்கு 50, 55 வரை போகலாம், அப்போதுதான் முனை தாங்கும். 45 பாகைச் சரிவில் அறுத்த கடின மரக்கட்டையில் கம்பி இறுக்கமாக நுழைய ஒரு துளை போட்டு, அதை வைரத் தகட்டின்மேல் நகர்த்தினால் கோணம் மாறாது. முகத்தின் மேல்பாதியை முன்கூட்டியே சாய்த்துத் தேய்த்துக் கழித்துவிடுங்கள். அடுத்தடுத்த முறை தேய்க்க வேண்டிய பரப்பு குறையும், வெட்டும்போது முனையும் கண்ணுக்குத் தெரியும்.

புதியவர்கள் விட்டுவிடுவது குதிகால். முனையை ஒட்டிக் கீழ்ப்பக்கம் உள்ள இரண்டு சரிவுகளிலும் 15 முதல் 20 பாகையில், அரை மில்லிமீட்டர் நீளத்துக்கு மட்டும், சின்னதாக ஒரு தேய்ப்பு. இது இல்லாவிட்டால் கருவியின் வயிறு உலோகத்தில் படிந்துகிடக்கும். பிடியை உயர்த்தித் தாழ்த்தி ஆழத்தைக் கட்டுப்படுத்த இடமே இருக்காது. 1200 தகட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு இழுப்பு என்றால் மறுபக்கத்துக்கும் நான்கு. ஒரு பக்கம் கூடினால் கோடு அந்தப் பக்கமே இழுக்கும். பிறகு வைரப் பேஸ்ட் தடவிய வார்ப்பிரும்புத் தட்டில் குதிகாலைப் பளபளப்பாக்குங்கள். குதிகாலின் பளபளப்பு அப்படியே பள்ளத்தின் சுவரில் இறங்கும். தோல் பட்டையில் தேய்க்காதீர்கள், விளிம்பு உருண்டுவிடும். முடிந்ததும் முனையை ஒருமுறை மரத்தில் குத்தி எடுத்தால் ஒட்டியிருக்கும் பிசிறு போய்விடும்.

கூர் வந்துவிட்டதா என்று பார்க்க, முனையைக் கட்டைவிரல் நகத்தில் எடையே இல்லாமல் வைத்துத் தள்ளுங்கள். பிடித்தால் சரி, வழுக்கினால் மறுபடி தகட்டுக்குப் போங்கள். லூப்பில் முனையில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னினாலும் அது ஒடிந்த முனைதான்.

தகட்டைப் பிடிக்க விலையுயர்ந்த உருண்டை வைஸ் (எந்தப் பக்கமும் சுழலும் இறுக்கி) இல்லாமலும் சமாளிக்கலாம். நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் குங்கிலியத்தைத் தூளாக்கிச் சிறு தீயில் உருக்கி, ஏறக்குறைய சம அளவு சலித்த செங்கல் பொடியும் கொஞ்சம் எண்ணெயும் கலந்து, வட்டமான மரக்கட்டையின் மேல் ஊற்றுங்கள். சூடாக இருக்கும்போதே தகட்டை அதில் பதியுங்கள். ஆறியபின் நொறுங்கினால் எண்ணெய் போதவில்லை, அமுங்கினால் பொடி போதவில்லை. அந்தக் கட்டையை மணல் அடைத்த தோல் பையின்மேல் வைத்தால் எந்தப் பக்கமும் சுழலும்.

பிடி உள்ளங்கைக் குழியில், ஆள்காட்டி விரல் கருவியின் மேல், கட்டைவிரல் தகட்டின்மேல் ஊன்றி. அந்தக் கட்டைவிரல்தான் பிரேக். தள்ளும் விசை உள்ளங்கையிலிருந்து வரவேண்டும். தோளிலிருந்து தள்ளினால் வழுக்கும்போது நிறுத்த முடியாது. அந்த நேரத்தில் மற்ற கை கருவிக்கு முன்னால் இருந்தால் குத்து நிச்சயம், ஆகவே இடது கை எப்போதும் பக்கத்திலோ பின்னாலோதான். பிடியைக் கொஞ்சம் உயர்த்தி முனையை இறக்கி, சீவல் கிளம்பியதும் தாழ்த்தி, அதே உயரத்தில் தள்ளுங்கள். ஒரே ஓட்டத்தில் 0.1 மி.மீ ஆழத்துக்கு மேல் ஆசைப்படாதீர்கள். வளைவு வரும்போது கருவி நேராகவே போகட்டும், இடது கை கட்டையைச் சுழற்ற வேண்டும்.

முதலில் 2 செ.மீ நீள நேர்க்கோடுகள், 1 மி.மீ இடைவெளியில். அவை ஒரே அகலத்துக்கு வந்தபிறகு, மெல்லியதாகத் தொடங்கித் தடித்து மறுபடி மெலியும் கோடுகள். பிறகு 'சி' வளைவு, 'எஸ்' வளைவு, கடைசியில் சுருள். சுருளின் இடைவெளி உள்ளே போகப் போக சீராகக் குறையவேண்டும். ஓரிடத்தில் தட்டையாகிவிட்டால், மேலே எவ்வளவு இலை சேர்த்தாலும் அது மறையாது. ஆகவே கொடியை நூறு முறை பென்சிலில் போட்டுப் பழகிவிட்டு உலோகத்துக்கு வாருங்கள். தகட்டில் வரைய, வெள்ளைப் போஸ்டர் கலரை விரலால் மெல்லியதாக ஒற்றி உலரவிட்டால் பென்சில் பிடிக்கும். வரைந்ததை ஊசியால் லேசாகக் கீறிவிடுங்கள், இல்லாவிட்டால் கை பட்டு அழிந்துவிடும்.

கோட்டின் இரு கரையிலும் பிசிறு எழுந்தால் முனை மழுங்கிவிட்டது, அல்லது செம்பு காய்ந்துகிடக்கிறது. செம்பு பிசுபிசுப்பானது, முனையை அவ்வப்போது எண்ணெயில் தொட்டுக்கொள்ளுங்கள். வளைவின் வெளிக்கரையில் மட்டும் தேய்ந்த தடம் தெரிந்தால் குதிகால் நீளம். 0.2 அல்லது 0.3 மி.மீ ஆகக் குறையுங்கள். கோட்டின் கடைசியில் முனை ஒடிந்துகொண்டே இருக்கிறதா? சீவலைப் பிய்க்கப் பிடியை மேலே தூக்குகிறீர்கள். பிடியைத் தாழ்த்தினால் முனை தானே மேலேறி வெளியே வரும். ஒடிந்த துணுக்கு செம்புக்குள் புதைந்திருக்கும். அதைத் தோண்டி எடுக்காமல் அதே தடத்தில் ஓட்டினால் அடுத்த முனையும் போகும்.

நேராகக் காப்புக்குப் போகாமல் இடையில் 925 (92.5 சதவீத) வெள்ளித் தகட்டில் கொஞ்சம் பழகுங்கள். வெள்ளி செம்பைவிடச் சுத்தமாக வெட்டும். உள்ளே குழாயாக இருக்கும் காப்பு வேண்டாம், சுவர் மெல்லியது, அமுங்கிவிடும். கெட்டிக் காப்பை உருளை மரத்தில் அதே குங்கிலியக் கலவையால் பதித்துச் செய்யுங்கள். வேலை முடிந்து லேசாகச் சூடுகாட்டினால் கழன்றுவிடும், மீதம் ஒட்டியிருப்பது டர்பன்டைனில் கரையும். மெருகையெல்லாம் செதுக்குவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். முடித்த காப்பைப் பாலிஷ் கடையில் கொடுத்து பஃப் சக்கரத்தில் (மெருகேற்றும் துணிச் சக்கரம்) பிடிக்கச் சொன்னால் பள்ளத்தின் விளிம்புகள் உருண்டு, தீட்டித் தீட்டிக் கொண்டுவந்த பளிச்சு மொத்தமும் மங்கிவிடும்.